பிளஷர் கூரைக்கு முட்டைச் சுண்ணாம்பு

துரு மனிதர்களுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று நம்பியவன் நான். சிரங்கு போல, கண்வலி போல. இரும்பிலிருந்து ஆளுக்குத் தாவும். தாவினால் முதலில் தலையைத்தான் பிடிக்கும். பிடித்த இடத்தில் முடி கொட்டும். யாரும் சொல்லிக்கொடுத்து வந்த அறிவு இல்லை இது, நானே கண்டுபிடித்தது. நம் வயதில் தலைக்குச் சாயம் அடிக்கிறவர்களும், அடிக்க எதுவும் மிச்சமில்லாதவர்களும் சிரிப்பதற்கு முன்னால் என் ஆதாரத்தையும் கொஞ்சம் கேட்க வேண்டும்.

எங்கள் வீட்டில் ஒரு பழைய சீமைக் கார் இருந்தது. காரைக்குடியில் அப்போது அதைக் கார் என்று சொல்ல மாட்டோம், பிளஷர் என்போம். பின் சீட்டின் வலது ஓரம் அப்பச்சியின் இடம். எங்கள் வீடுகளில் அப்பாவை அப்பச்சி என்றுதான் கூப்பிடுவோம். அந்த இடத்துக்கு நேர் மேலே கூரை துருப்பிடித்துப் பொடிப்பொடிப் பொத்தலாகி, உள்பக்கத்துத் துணியும் கிழிந்து, தோசைக்கல் அளவுக்கு ஒரு வட்டம் விழுந்திருந்தது. அதற்கு நேர் கீழே, அப்பச்சியின் தலையில், ஏறக்குறைய அதே அளவில் இன்னொரு வட்டம். முன்னால் உட்காரும் டிரைவருக்கு மேலே கூரை நன்றாக இருந்தது. டிரைவருக்குத் தலை கொள்ளாத முடி. இதற்கு மேல் ஒரு பையனுக்கு என்ன நிரூபணம் வேண்டும்?

அறுபதுகளின் கடைசியில் ஓர் ஐப்பசி மாதம். சிவகங்கைக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். வழியில் மழை பிடித்துக்கொண்டது. அப்பச்சி வண்டியை நிறுத்தி, இறங்கி, முன் சீட்டில் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டார். பின்னால் நான் மட்டும். ராஜா மாதிரி வலது ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தேன். அப்பச்சி எதற்காக இடம் மாறினார் என்று யோசிக்கிற மூளை எனக்கு அன்றைக்கும் கிடையாது. உச்சந்தலையில் சொட்டென்று ஒன்று விழுந்தது. தொட்டுப் பார்த்தேன். விரல் நுனி செங்கல் நிறத்தில் இருந்தது.

அங்கிருந்து வீடு வரைக்கும் நான் மூச்சு விட்டதாக நினைவில்லை. அப்பச்சியின் பின்தலையையே பார்த்துக்கொண்டு வந்தேன். என் எதிர்காலம் அங்கே வழுவழுவென்று உட்கார்ந்து டிரைவரோடு நெல் விளைச்சலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது.

இந்தப் பொத்தலை ஏன் அடைக்கவில்லை என்று கேட்பீர்கள். அதைக் கேட்டுக் கேட்டுத்தான் எங்கள் அம்மாவான ஆத்தாவுக்குத் தலைவலி வந்தது. ஐயா, அதாவது எங்கள் தாத்தா, போன பிறகு அப்பச்சியும் அவருடைய அண்ணன் பெரியப்பச்சியும் வீட்டைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அண்டா, குண்டா, தேக்குப் பலகை, ஊறுகாய் ஜாடி எல்லாம் பிரிந்தது. நடுவில் வெட்டிப் பங்கு போட முடியாத பொருள் பிளஷர் ஒன்றுதான். ஒரு மாதம் எங்களுக்கு, மறு மாதம் அவர்களுக்கு என்று முடிவானது. அதை நிறுத்த ஷெட் இருந்தது. ஆனால் ஷெட்டுக்கு ஆளுக்கொரு பூட்டு. இரண்டு சாவிகளும் ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்கு வந்ததாகச் சரித்திரம் இல்லை. அதனால் அது பின்கட்டு வெட்டவெளியில்தான் நிற்கும். கோடை விடுமுறையில் அதன் என்ஜினுக்கு மேலிருக்கும் முன்மூடிமேல் உட்கார்ந்து காக்கா விரட்டிக்கொண்டே வாய்ப்பாடு படிப்பேன். கதவைத் திறந்தால் பெட்ரோல் வாடை, சீட்டுத் தோல் வாடை, அதோடு புளித்த மோரும் மிளகாயும் சேர்ந்த ஒரு நெடி. அந்த நெடி இப்போதும் எங்காவது மூக்கில் பட்டால் என் கை தானாகத் தலைக்குப் போகும்.

மழை விட்டதும் அப்பச்சி பெரியப்பச்சியிடம் போனார். நானும் பின்னாலேயே போனேன். என் தலை சம்பந்தப்பட்ட பேச்சல்லவா?

"அண்ணே, பிளஷர் மேல ஓட்டை விழுந்திருச்சு. டிங்கர்காரனைக் கூப்பிட்டுத் துருவை அறுத்தெடுத்துப் புதுத் தகடு பத்தவைக்கச் சொல்லுவோம்."

"எப்ப விழுந்துச்சு?"

"இந்த மழைக்குத்தான் ஒழுகுது."

"இந்த மழை யாரு மாசத்துல பேஞ்சுச்சு?"

"துரு என்ன காலண்டர் பாத்தா பிடிக்கிது?"

"அதைத்தான் நானும் சொல்றேன். பாக்காமப் பிடிச்சிருந்தா ரெண்டு பேரும் பாப்போம். ஒன் மாசம் பாத்துப் பிடிச்சிருந்தா நீதான் பாக்கணும். அதைக் கண்டுபிடிச்சிட்டு வா, பேசுவோம்."

அப்பச்சி திரும்பி வந்து முற்றத்தைச் சுற்றிய வளவில் நின்றுகொண்டு, யாரையும் பார்க்காமல், "மனுசனா இவுக?" என்றார். அது கார்த்திகை முழுக்க நடந்தது, மார்கழியிலும் நடந்தது. கேள்வி மாறும், பதில் மாறும், அப்பச்சி வளவில் வந்து நின்று சொல்வது மட்டும் மாறாது.

இதற்கு நடுவில் எங்கள் ஆச்சிக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஆச்சி என்றால் என் அக்கா. மாப்பிள்ளை கானாடுகாத்தான். பெண் பார்க்க வந்துவிட்டுப் போன பிறகு ஆத்தா, "மாப்பிள்ளை எப்படி இருக்காக?" என்று கேட்டதற்கு ஆச்சி தரையைப் பார்த்துக்கொண்டே, "முடி நல்லாருக்கு" என்று சொன்னது. அவ்வளவுதான் சொன்னது. ஆச்சி சும்மா சொல்லவில்லை. மாப்பிள்ளைக்கு நெற்றிக்கு மேல் அலையலையாக எழும்பி நிற்கிற முடி. சீப்பு போனால் திரும்பி வருமா என்று சந்தேகப்படும்படியான அடர்த்தி.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் பெண் வீட்டில். மாப்பிள்ளையைப் பிள்ளையார் கோயிலிலிருந்து மேளதாளத்தோடு வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். அவரை எதில் அழைத்து வருவார்கள்? பிளஷரில். பிளஷரில் எங்கே உட்கார வைப்பார்கள்? பின் சீட்டில், வலது ஓரத்தில், மரியாதைக்குரிய இடத்தில்.

நான் ஆச்சியிடம் ஓடினேன்.

"ஆச்சி, அவுகளைப் பிளஷர்ல ஏத்த வேணாம்னு சொல்லுங்க."

"ஏன்டா?"

"மேல துரு இருக்கு. தலையில விழுந்தா முடி போயிரும்."

ஆச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தது. "போடா அங்குட்டு, வேலையத்தவனே" என்றது. ஒருவருடைய வாழ்க்கை அழியப்போவதை அவரிடமே போய்ச் சொல்லி, அவரிடமே திட்டும் வாங்குவது எவ்வளவு கடுப்பாக இருக்கும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

சரி, ஆச்சியின் தலைவிதி அது. என் தலையையாவது காப்பாற்றிக்கொள்வோம் என்று முடிவு செய்தேன். கல்யாணத்துக்காகப் பின்கட்டில் பித்தளை அண்டாக்களைப் புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். கறுத்துக் கிடந்த அண்டா கண் முன்னால் தங்கமாகிக்கொண்டிருந்தது. களிம்பு போகிறது என்றால் துருவும் போகத்தானே வேண்டும்? யாரும் பார்க்காத நேரம் ஒரு கை புளியையும் ஒரு கை செங்கல் பொடியையும் அள்ளிக்கொண்டு போய்க் கிணற்றடியில் உட்கார்ந்து உச்சந்தலையைத் தேய்த்தேன். எரிந்தது. மருந்து வேலை செய்கிறது என்று நினைத்து இன்னும் அழுத்தித் தேய்த்தேன். மறுநாளும் தேய்த்தேன். பிறகு ஒருநாள் கையோடு கொத்தாக முடி வந்தது.

நான் அலறிய அலறலில் ஆத்தா கரண்டியோடு ஓடி வந்தது. உச்சந்தலையில் தோல் உரிந்து, புண்ணாகி, நடுவில் வட்டமாக வெறுந்தலை தெரிந்தது.

"என்னடா செஞ்ச தலையை?"

"துரு ஆத்தா. பிடிச்சிருச்சு."

ஆத்தாவுக்குக் கோபப்படவும் நேரமில்லை. கல்யாண வேலை தலைக்கு மேல் கிடந்தது. நாவிதரைக் கூப்பிட்டு மொட்டை போடச் சொல்லி, புண்ணில் தேங்காய் எண்ணெயைத் தடவிவிட்டு, "யாரும் கேட்டா வேண்டுதல்னு சொல்லு" என்று உள்ளே போய்விட்டது. ஆக, வழுக்கை வந்துவிடக்கூடாது என்று நான் செய்த வைத்தியத்தில் எங்கள் வீட்டில் அப்பச்சிக்கு அடுத்தபடியாக நான் வழுக்கையானேன். அப்பச்சிக்காவது ஓரங்களில் முடி இருந்தது.

கல்யாணம் நெருங்க நெருங்க அப்பச்சிக்குத் தூக்கம் போயிற்று. கடைசியில் ஒருநாள், "தேவகோட்டையில வாடகைக்கு ஒரு பிளஷர் பேசிட்டேன்" என்று வளவில் நின்று உரக்கச் சொன்னார். அது பெரியப்பச்சியின் காதில் விழ வேண்டும் என்றே சொன்னது. விழுந்தது. பெரியப்பச்சி தன் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டார்.

"நம்ம வீட்டுப் பொண்ணு கல்யாணத்துக்கு வாடகை வண்டியா? வீட்டுல சொந்தப் பிளஷரை நிறுத்தி வச்சுக்கிட்டு? ஊரு என்ன சொல்லும்?"

"சொந்தப் பிளஷர்ல மாப்பிள்ளை நனைஞ்சுக்கிட்டு வந்தா மட்டும் ஊரு மெச்சுமா?"

"அப்ப அடைச்சிருவோம். இம்புட்டு நாளா ஏன் அடைக்கல நீ?"

அப்பச்சி வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார். அந்த முகத்தை நான் என் ஆயுசில் மறக்க மாட்டேன். பிறகு மெதுவாக, "நாளைக்கே டிங்கர்காரனை வரச் சொல்றேன்" என்றார்.

"அது எப்படி? இன்னைக்குக் காலையிலதான கால் ஊண்டிருக்கோம்."

பந்தலுக்கு முகூர்த்தக்கால் ஊன்றிவிட்டால் கல்யாணம் முடிகிற வரைக்கும் எங்கள் வீட்டில் எதையும் இடிக்கக்கூடாது, அறுக்கக்கூடாது, பிரிக்கக்கூடாது. அதில் பெரியப்பச்சி மிகவும் கண்டிப்பு.

"அது வீட்டுக்குண்ணே. இது வண்டி."

"மாப்பிள்ளை ஒக்காந்து வர்ற வண்டி. அவரு தலைக்கு மேல அருவாளை வைக்கச் சொல்றியா?"

"டிங்கர்காரன் எதுக்குண்ணே அருவாளோட வர்றான்?"

"எதை வச்சு அறுத்தாலும் அறுக்கிறது அறுக்கிறதுதான்."

"அப்ப என்னதான் செய்யச் சொல்றீக?"

"அறுக்காமப் பூசு."

இப்படித்தான் ஒரு மோட்டார் வண்டியின் துருவைச் சரி செய்ய எங்கள் வீட்டுக்குக் கொத்தனார் வந்தார்.

நம் பக்கத்து வீடுகளின் சுவர்களைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சுண்ணாம்பை நாள்கணக்கில் ஊறவைத்து, அரைத்து, கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பூசி, கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியது. முகம் பார்த்துத் தலை சீவலாம். கொத்தனார் பிளஷரை இரண்டு சுற்று சுற்றி வந்தார். கூரையைத் தட்டிப் பார்த்தார். மிளகாய்த் தூள் மாதிரி துரு கொட்டியது. "இதென்ன பெரிய காரியம்? ஓட்டையில கம்பி வலையைக் கட்டி, சாக்கை வச்சு அடைச்சு, மேல நம்ம பூச்சைப் போட்டா மூணு தலைமொறைக்கு அசையாது" என்றார்.

டிரைவர் மட்டும் டயரில் சாய்ந்து நின்றுகொண்டு, "கொத்தனாரே, செவரு ஒரு எடத்துல நிக்கும். இது ஓடும்" என்றார்.

"ஓடட்டும். பூச்சு அது பாட்டுக்குக் கூட ஓடும்."

முட்டைக்கூடை வந்து இறங்கியதும் ஆத்தா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றது. "கல்யாணத்துக்கு அடுப்பெல்லாம் மெழுகி மரக்கறிக்குத் தயார் பண்ணி வச்சிருக்கேன். இந்த நேரத்துல கூடை கூடையா முட்டையைக் கொண்டாந்து இறக்குறீகளே?"

"திங்கவா போறோம்? பூசத்தானே போறோம்" என்றார் அப்பச்சி.

"பெறகு மஞ்சக்கருவை என்ன செய்யிறது, அதையும் வண்டிக்குத்தான் ஊத்துவீகளா?"

மஞ்சள்கரு முழுவதும் வாளியில் டிரைவர் வீட்டுக்குப் போனது. அதற்குப் பிறகு பூச்சு காய்கிற வரைக்கும் அவர் அதைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை.

கொத்தனார் பூசினார், காயவிட்டார், தேய்த்தார். கருப்பட்டி வாசனைக்கு ஊரில் உள்ள எறும்பெல்லாம் சாரை சாரையாக டயர் வழியே ஏறிக் கூரைக்குப் போயிற்று. ஆத்தா டயரைச் சுற்றி மஞ்சள் தூளைத் தூவியது. கரும்பச்சை வண்டிக்கு மேலே வெள்ளை வெளேரென்று, கண்ணாடி மாதிரி, ஒரு கூரை. பார்க்கிறதற்கு வண்டி தலைப்பாகை கட்டியது மாதிரி இருந்தது. அப்பச்சி தூரத்தில் நின்று பார்த்தார், கிட்டத்தில் நின்று பார்த்தார். பெரியப்பச்சிதான், "சீமையில இப்ப இதான் நாகரிகம். மேல ஒரு கலரு, கீழ ஒரு கலரு" என்று சொல்லி வைத்தார். அவர் சீமைக்குப் போனதில்லை. டிரைவர் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "மொதலாளி, வண்டி நெறமாசக்காரி மாதிரி மொனகுது" என்றார்.

எல்லோரும் நிம்மதியாகிவிட்டார்கள், என்னைத் தவிர. துரு போகவில்லை, துருவை மூடித்தானே வைத்திருக்கிறார்கள்? உள்ளே தலையை நீட்டிப் பார்த்தேன். கிழிந்த துணிக்கு மேலே சாக்கு, சாக்கின் ஓரத்தில் செக்கச்செவேலென்று துரு, பழையபடி வலது ஓரத்துக்கு நேர் மேலே, பழையபடி காத்துக்கொண்டு.

அன்று மாலை மாப்பிள்ளை அழைப்பு. பெண்ணுடைய தம்பி போய்த்தான் மாப்பிள்ளையை அழைத்து வர வேண்டும், வண்டியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தும் வர வேண்டும். எனக்குப் பட்டுச் சட்டை, மொட்டைத் தலையில் சந்தனம். புறப்படுவதற்கு முன்னால் அப்பச்சியின் பெரிய கறுப்புக் குடையை எடுத்துப் பின் சீட்டுக்கு அடியில் ஒளித்து வைத்தேன்.

பிள்ளையார் கோயிலில் மாப்பிள்ளை மாலையும் கழுத்துமாக ஏறி உட்கார்ந்தார். முதலில் முடியைத்தான் பார்த்தேன். அப்படியே இருந்தது, நெற்றிக்கு மேல் எழும்பி, எண்ணெய் மினுமினுப்போடு. இன்னும் வீடு போய்ச் சேருகிற வரைக்கும்தான் அதற்கு ஆயுசு. வண்டி நகர்ந்தது, மேளம் முழங்கியது, நான் குடையை எடுத்து விரித்தேன்.

பாதிதான் விரிந்தது. கம்பி ஒன்று கதவில் இடித்தது, இன்னொன்று என் காதில் குத்தியது. ஆனாலும் மாப்பிள்ளையின் தலை முழுக்கக் குடைக்குள் வந்துவிட்டது.

"தம்பி, மழையா பெய்யுது?"

"இல்ல அயித்தான்."

"பின்ன எதுக்குத் தம்பி குடை?"

"இருக்கட்டும் அயித்தான்."

அவர் என் மொட்டையைப் பார்த்தார். "மொட்டை எதுக்கு?"

"வேண்டுதல்."

"குடையும் வேண்டுதலா?"

நான் இரண்டு கையாலும் காம்பைப் பிடித்துக்கொண்டு மேலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். தெருவில் போனவர்கள் ஜன்னலுக்குள் குனிந்து குனிந்து பார்த்தார்கள். முன்னால் நடந்துகொண்டிருந்த அப்பச்சி திரும்பிப் பார்த்துவிட்டு, மடக்கு மடக்கு என்று கையைக் காட்டினார். நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன். அவர் முகம் சிவந்து, பிறகு கறுத்தது. கல்யாண ஊர்வலத்தில், சம்பந்தி வீட்டார் முன்னால், மூடிய வண்டிக்குள் கறுப்புக் குடை. அதைவிடப் பெரிய அவமானத்தை எங்கள் வீட்டில் யாரும் அதுவரை யோசித்துக்கூடப் பார்த்ததில்லை.

மாப்பிள்ளையின் தாய்மாமன் பெரியப்பச்சியிடம் வந்து, "இதென்ன, பிளஷருக்குள்ள குடை? இது ஒங்க வழக்கமா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. செத்தோம் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

நம்மில் ஒவ்வொரு பங்காளிக் கூட்டமும் ஒரு கோயிலைச் சேர்ந்தது. கோயிலுக்குக் கோயில் கல்யாண வழக்கம் கொஞ்சம் மாறும். அடுத்தவர் வழக்கத்தை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். பெரியப்பச்சிக்கு யாருக்கும் விட்டுக்கொடுத்துப் பழக்கமில்லை. அன்றைக்கு அது உதவியது.

"ஆமா, எங்க கோயில் வழக்கம்" என்றார் அசராமல். "மாப்பிள்ளைக்கு மைத்துனன் குடை பிடிக்கணும்."

"கறுப்புக் குடையா?"

"கறுப்புத்தான். வெள்ளை பிடிச்சா ஆகாது."

"அப்படியா? எங்களுக்கு இதெல்லாம் தெரியாமப் போச்சே" என்று அந்த மனிதர் பயபக்தியோடு விலகி நடந்தார்.

ஊருணிக்கரை திரும்புகிற இடத்தில் யாரோ பழைய பந்தலுக்குக் கால் தோண்டிய குழியை மூடாமல் விட்டிருந்தார்கள். மேளத்துக்காரர்கள் ஒதுங்கி நடந்தார்கள். பிளஷரின் பின் சக்கரம் ஒதுங்கவில்லை. வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து, எழுந்து, குலுங்கியது. தலைக்கு மேலே அப்பளம் நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம். அடுத்த நொடி குடையின் மேல் தொப்பென்று ஏதோ விழுந்து, என் கையே ஒரு சாண் இறங்கிவிட்டது.

"தம்பி, என்ன விழுந்துச்சு?"

"அட்சதை அயித்தான்."

"இம்புட்டுப் பெருசாவா?"

"எங்க வீட்டுல கொஞ்சம் கட்டியாத்தான் போடுவாக."

அவர் தோளில் விழுந்த வெள்ளைத் தூளைத் தட்டிவிட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு அவராகவே கொஞ்சம் நகர்ந்து குடைக்குள் நன்றாக உட்கார்ந்துகொண்டார். மீதிப் பூச்சு பின்பக்கமாகச் சரிந்து தெருவில் விழுந்தது. டிரைவர் வண்டியை நிறுத்தி, இறங்கிப் போய், பெரிய துண்டை மட்டும் பொறுக்கிக்கொண்டு வந்து முன் சீட்டில் வைத்தார். கூட்டத்தோடு வந்துகொண்டிருந்த கொத்தனாரைப் பார்த்து, "கொத்தனாரே, ஒங்க மூணு தலைமொறை ஊருணிக்கரை வரைக்கும் வந்துச்சு" என்றார்.

தாலி நல்ல நேரத்தில் ஏறியது. போட்டோவில் ஆச்சி குனிந்திருக்கும், மாப்பிள்ளை நிமிர்ந்திருப்பார், நடுவில் நான் மொட்டைத் தலையோடு, மடக்கிய குடையைத் துப்பாக்கி மாதிரி பிடித்துக்கொண்டு நிற்பேன். அந்தக் குடை பிறகு எங்கே போனது என்று தெரியவில்லை. வழக்கம் போகவில்லை. இன்றைக்கும் எங்கள் வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் என்றால், ஏசி போட்ட காருக்குள் மைத்துனன் கறுப்புக் குடையைப் பாதி விரித்து, மாப்பிள்ளையின் கண்ணில் குத்தாமல் பிடித்துக்கொண்டு வர வேண்டும். போன வருஷம் என் மகன் பிடித்தான். எதற்கு என்று கேட்டான். சொல்லப் போனேன், அதற்குள் உறவில் ஒருவர், ஐயா காலத்துக்கும் முந்திய ஐதீகம் என்று கண்களை மூடிக்கொண்டு விளக்க ஆரம்பித்துவிட்டார். அயித்தானுக்கு இப்போது முடி நரைத்திருக்கிறது, ஒன்றுகூடக் கொட்டவில்லை. என் தலையைப் பற்றி இந்த இடத்தில் பேச வேண்டியதில்லை.

கல்யாணம் முடிந்து, சம்பந்திகள் போய், பந்தலைப் பிரித்த மறுநாள், ஒருவழியாக டிங்கர்காரர் வந்தார். வாய் ஓயாத மனிதர். மிச்சச் சுண்ணாம்பைச் சுரண்டிக்கொண்டே, "பிளஷருக்கு வெள்ளையடிச்ச ஊரை இப்பத்தான்யா பாக்குறேன்" என்று சிரித்துக்கொண்டிருந்தார். மழைத் தண்ணீர் வழிந்தோட வண்டிக்கூரையின் ஓரத்தில் ஒரு சின்ன வாய்க்கால் இருக்கும். அதில் விரலை விட்டவர் சிரிப்பை நிறுத்தினார். கையை வெளியே எடுத்துக் காட்டினார். மிளகாய்க் காம்பு, மிளகாய் விதை, அதையெல்லாம் சேர்த்துக் கட்டி தட்டிப்போன உப்பு.

"மொதலாளி, இது வண்டியா, வத்தல் காயப்போடுற பலகையா?"

அப்பச்சியும் பெரியப்பச்சியும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு, பாகம் பிரித்த நாளிலிருந்து முதல்தடவையாக, இருவரும் சேர்ந்து ஒரே பக்கம் திரும்பினார்கள். அங்கே ஆத்தாவும் பெரியப்பச்சியின் மனைவி பெரியாத்தாவும் நின்றிருந்தார்கள்.

"இதுல போடாம வேற எங்குட்டுப் போடுறது?" என்றது ஆத்தா.

"மொட்டைமாடியில கொரங்கு. முத்தத்துல பாதி அவுகளுக்கு, பாதி எங்களுக்கு. வெயிலு அந்தக் கணக்குப் பாத்தா விழுகுது?" என்றது பெரியாத்தா. "இது ஒண்ணுதான் ரெண்டு வீட்டுக்கும் பொது. நல்லாவும் காயுது."

"அப்ப யாரு மாசத்துல துரு பிடிச்சுச்சு?" என்று அப்பச்சி பெரியப்பச்சியிடம் கேட்டார். பெரியப்பச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நடந்தது இவ்வளவுதான். எங்கள் மாதத்தில் ஆத்தாவும் அவர்கள் மாதத்தில் பெரியாத்தாவும் வருஷக்கணக்காக அந்தக் கூரையின் பின்பக்க வலது மூலையில் மோர்மிளகாய் காயப்போட்டார்கள். உப்பு தகட்டைத் தின்றது. டிங்கர்காரர் துருப்பிடித்ததை அறுத்தெடுத்தார், புதுத் தகடு பற்றவைத்தார், பச்சைப் பெயிண்ட் அடித்தார். பெயிண்ட் காய்ந்து நல்ல வெயில் அடித்த முதல் நாள், ஆத்தா கூப்பிட்டது. நான் போய் முன்மூடிமேல் ஏறிக் காக்கா விரட்ட உட்கார்ந்தேன்.